சுவரைப் பூசாதீர்கள், புத்தகத்தை ஒட்டாதீர்கள்: சபைச் சொத்துக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சபைச் சொத்துக் குழுவினருக்கும், அந்தக் குழுவின் தீர்மானத்துக்கு ஒப்பமிட்ட மூப்பர்மாருக்கும்,

ஆண்டு விழாவுக்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவக் கோயிலைப் புதுப்பிக்கப் போவதாக நீங்கள் ஒட்டிய அறிவித்தல் கோயில் கதவில் இருக்கிறது. வெளிச்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு, பழைய பதிவேடுகளை லெமினேட் செய்தல், கீழ்க் கல்லறைத் தோட்டத்தைச் சமப்படுத்தி வாகனம் நிறுத்த இடம் எடுத்தல், சபை வரலாறு என்று ஒரு சிறு நூல். இந்த நான்கையும் நீங்கள் எழுதியிருக்கும் முறையில் செய்யக் கூடாது என்கிறோம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

நூலில் இருந்தே தொடங்குவோம். வரைவு பன்னிரண்டு பக்கம். பதினொன்றில் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார்: காணி கொடுத்தவர், மணி கொடுத்தவர், பித்தளைத் தகட்டில் பெயர் உள்ளவர். பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில், "தோட்டத் தொழிலாளரும் இங்கு வழிபட்டு வந்தனர்" என்று ஒரே ஒரு வசனம். இவ்வளவுதான் நாங்கள்.

துரைமார் பகுதி பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. கோப்பிக் காலத்தில் இலங்கையின் இந்த மலைகளுக்கு வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் மிகுதி. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டவரே. டன்சினன், பல்மோரல், எடின்பரோ, ஹோலிரூட் என்று தங்கள் நாட்டுப் பெயர்களைத் தோட்டங்களுக்குச் சூட்டியவர்கள் தங்கள் வழிபாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். கொழும்பில் 1842இலும் கண்டியில் 1845இலும் ஸ்கொட்ஸ் கேர்க் என்னும் ஸ்கொட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் கோயில் உருவானது. இதெல்லாம் சரி. பிழை அடுத்த பக்கத்தில் இருக்கிறது: "தொடக்க காலத்தில் தமிழ்ச் சபை இருக்கவில்லை." நம் பதிவேட்டின் முதற் பக்கங்களில் தமிழ்ப் பெயர் அரிதாக இருப்பதைப் பார்த்துவிட்டு இப்படி முடிவு கட்டியிருக்கிறார்கள்.

தோட்டங்களில் தமிழருக்கான ஊழியம் நடந்த விதம் தெரிந்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனை நடத்தியது ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம். பணம் கொடுத்தவர்களில் பல சபைகளைச் சேர்ந்த துரைமாரும் இருந்தார்கள். பிரஸ்பிட்டேரியன் துரை சந்தா கொடுப்பார், வேதம் சொல்லிக் கொடுக்கும் ஆங்கிலிக்கன் உபதேசியார் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருவார். அப்படியானால் நம் தோட்டத்துப் பிள்ளையின் ஞானஸ்நானம் அயலில் உள்ள ஆங்கிலிக்கன் கோயிலின் புத்தகத்தில் இருக்கலாம். நம் புத்தகத்தில் இல்லாதவரை அங்கே தேடிப் பார்க்க வேண்டும். தேடாமல் "இருக்கவில்லை" என்று அச்சில் ஏற்றினால், நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இனிப் பதிவேடுகள். எங்களுக்கு மிகப் பெரிய கவலை இதுதான்.

நம் சபை முறையில் பிஷப் இல்லை. போதகரும் மூப்பரும் கூடிய செஷன்தான் சபையை நடத்தும். ஆகவே எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். செஷன் குறிப்பேட்டை ஆண்டுதோறும் பல சபைகளுக்கு மேலுள்ள பிரஸ்பிட்டரி மன்றம் வாங்கிப் பார்த்து ஒப்பமிட்டுத் திருப்பித் தருவது பழைய ஒழுங்கு. இந்த ஒழுங்கால்தான் ஒரு சின்னத் தோட்டச் சபையிலும் மூன்று வகைப் புத்தகம் சேர்ந்திருக்கிறது: செஷன் குறிப்பேடு, ஞானஸ்நானம் திருமணம் அடக்கம் ஆகியவற்றின் பதிவேடு, இராப்போஜனம் என்னும் திருவிருந்துக்கு உரியவர்களின் பட்டியல்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கத்தையாவது திறந்து பார்த்தீர்களா? பிறந்த திகதி, ஞானஸ்நானத் திகதி, பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், வசிப்பிடம், தொழில், கொடுத்தவரின் கையொப்பம் என்று நிரல்கள். போதகர் ஆங்கிலத்தில் எழுதிய வரிகளில் தாயின் நிரல் பெரும்பாலும் காலி. உபதேசியார் தமிழில் எழுதிய வரிகளில் தாயின் பெயர் இருக்கிறது, வசிப்பிடத்தில் "மேற்பிரிவு, ஸ்டோர் லயம்" என்று லயம் வரைக்கும் இருக்கிறது. ஒரே தகப்பன் மூன்று பிள்ளைகளின் வரிகளில் ஞானமுத்து, நானமுத்து, நியானமூட்டு என்று மூன்று விதமாக வருகிறார். காதில் விழுந்ததை எழுதியவர்களின் கை அது. தாயின் பெயரும் லயமும் ஒத்துப் போவதால்தான் மூவரும் ஒருவர் என்று பிடிக்க முடிகிறது. ஆங்கில வரிகளை மட்டும் தட்டச்சு செய்து "சுருக்கப் பட்டியல்" போடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. சுருக்கினால் போவது இந்தத் தாய்மார்தான்.

இராப்போஜனப் பட்டியலின் கடைசி நிரல் "குறிப்பு". 1964க்குப் பிந்திய பக்கங்களில் அந்த நிரலில் "இந்தியா" என்ற சொல் வரிக்கு வரி இறங்குகிறது. அந்த ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனவர்கள் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பூர்வீகம் தேடிக் கேட்கும்போது எடுத்துக் காட்ட நம்மிடம் உள்ளது அந்த ஒற்றைச் சொல் எழுதிய நிரல்தான்.

இதற்குச் சட்டப் பெறுமதியும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு தொடர் வசிப்பைக் கேட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவர், அவருடைய வழித்தோன்றல் என்ற அளவுகோலைத்தான் வைத்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத ஒருவர் இன்றும் காலங்கடந்து பிறப்பைப் பதியப் போனால் ஞானஸ்நானச் சான்றிதழ் துணை ஆவணமாகச் செல்லும். அதற்கு மூலப் புத்தகம் மூலமாகவே இருக்க வேண்டும்.

லெமினேட் செய்தால் அது மூலமாக இராது. பழைய மை இரும்பு மை. அதில் உள்ள அமிலம் கடதாசியை மெல்ல மெல்லத் தின்கிறது. பேனா அழுத்திய இடங்களில் எழுத்து இப்போதே ஓட்டையாக உதிர்கிறது. லெமினேட் இயந்திரம் சூட்டில் பசையை உருக்கிப் பிளாஸ்டிக்கை இருபுறமும் ஒட்டும். அமிலமும் ஈரமும் உள்ளே சிறைப்படும். சூடு அந்த வேலையை இன்னும் விரைவாக்கும். பிறகு பிரிக்க நினைத்தால் எழுத்து பிளாஸ்டிக்கோடு போய்விடும். அதற்கு முன் தையலை அறுத்துப் புத்தகத்தைத் தனித்தனித் தாளாக்க வேண்டும். எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கம் என்ற சாட்சியும் அத்தோடு முடிந்தது. விழா மேசையில் பளபளப்பாக இருக்கும் என்பது உண்மை. செலோடேப் ஒட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். முன்பு ஒட்டிய இடங்களில் பசை மஞ்சளாகி அடுத்த பக்கம் வரை ஊறியிருக்கிறது.

செய்ய வேண்டியதற்கு இதைவிடச் செலவு குறைவு. புத்தகம் ஈரமாக இருந்தால் அடுப்பருகிலோ வெயிலிலோ வைக்காமல், காற்றோட்டமான அறையில் விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, சில பக்கங்களுக்கு ஒரு தடவை மை ஒற்றும் தாளை நுழைத்து, தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். பூஞ்சணம் காய்ந்த பிறகே மெல்லிய தூரிகையால் வெளிப்புறமாகத் துடைக்கலாம், முகமூடி போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வெளியே. உதிரும் தாளுக்கு மட்டும் ஓரம் திறந்த பொலியெஸ்டர் உறை போதும். அலுமாரியை வெளிச்சுவரில் இருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி, தரையில் இருந்து உயர்த்தி வையுங்கள். நீங்கள் வாங்க உத்தேசித்திருக்கும் இரும்பு அலுமாரி இந்தக் குளிரில் இரவில் உள்ளே வியர்க்கும். அதுதான் வேண்டும் என்றால் மேலும் கீழும் துளை போட்டு வலை அடியுங்கள்.

படம் எடுக்க ஒரு நல்ல தொலைபேசியே போதும். அதைத் தாங்கியில் பக்கத்துக்கு நேர்மேலே, சாயாமல் பொருத்த வேண்டும். பிளாஷ் வேண்டாம், யன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், எதிரே ஒரு வெள்ளை மட்டை. அட்டை, முதுகு, வெற்றுப் பக்கம் உட்பட எதையும் விடக் கூடாது. ஓரத்தில் ஓர் அடிமட்டம் தெரிய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு படம் என்றாலும் 300 பக்கத்துக்கு ஐந்து மணித்தியாலம். இரண்டு இளைஞர், ஒரு சனிக்கிழமை. புத்தக எண்ணும் பக்க எண்ணும் கோப்பின் பெயரில் வர வேண்டும். பிரதிகளில் ஒன்று நம்மிடமும் ஒன்று கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் இருக்கட்டும். மூன்றாவது, தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடத்தில் இருக்கலாம். ஒரு கட்டுப்பாடு: உயிரோடு இருப்பவரின் பிறப்பு விவரமும், செஷன் குறிப்பேட்டில் உள்ள ஒழுக்க விசாரணைகளும் பொதுவில் போகக் கூடாது. யாருடைய பாட்டி எந்த ஆண்டு இராப்போஜனத்தில் இருந்து விலக்கப்பட்டார் என்பது ஊர் வாய்க்குத் தீனி ஆகக் கூடாது.

சுவருக்கு வருவோம். இரண்டடிக் கனமான கருங்கற் சுவர், இடையில் சுண்ணாம்புச் சாந்து. இந்தச் சுவர் மழையைக் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் கல் இடுக்கில் உள்ள சாந்து வழியாக வெளியே விடும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடும். பூச்சு எப்படியும் மயிர் வெடிப்பு விடும்; வெடிப்பால் உள்ளே போன தண்ணீர் திரும்ப வர வழியில்லாமல் உட்புறம் கசியும். முதலில் உள்ளே பெயின்ட் கொப்புளிக்கும், பிறகு வெள்ளை உப்புப் பூக்கும், கடைசியில் சுவருக்குள் புதைந்திருக்கும் கூரை மரத்தின் முனை உளுத்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேற்குப் பக்கத்தில் முன்பு யாரோ ஆளுயரத்துக்குப் பூசிய துண்டைப் பாருங்கள். கோயிலுக்குள் ஈரம் ஏறியிருக்கும் ஒரே இடம் அதற்கு நேர் உட்புறம்தான். விரலால் அழுத்தினால் சாந்து மாவாக வருகிறது.

உங்கள் அளவைப் பட்டியலில் "துளைகளை அடைத்தல்" என்று ஒரு வரி இருக்கிறது. கோயிலின் உள்தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெளிச்சுவரில் உள்ள வார்ப்பிரும்புச் சல்லடைகளைத்தான் கொந்தராத்துக்காரர் துளை என்று எண்ணியிருக்கிறார். பலகைத் தரைக்குக் கீழே காற்றுப் போக வைத்தவை அவை. அடைத்தால் சில மழைக்காலத்திலேயே தரைக்கடியில் உள்ள சட்டங்கள் காளான் பிடித்து, வாங்கு போட்ட இடமெல்லாம் பள்ளமாகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். கூரையின் வடக்குப் பீலி சபுக்கு மர இலையால் அடைபட்டு, நடுவில் தொய்ந்து, மழைத் தண்ணீரை நேரே சுவரில் ஊற்றுகிறது. 40 அடிப் பீலிக்கு முனைக்கு முனை ஏறத்தாழ இரண்டரை அங்குலச் சரிவு வேண்டும். இப்போது சரிவு நடுவை நோக்கி இருக்கிறது. சுவரடிக் கானும் மண்ணால் மூடிக் கிடக்கிறது. பீலி, இறங்கு குழாய், கான் மூன்றையும் சரி செய்துவிட்டு ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டால், பூசுவதற்கே அவசியம் இராது. தேவைப்படுவது இடுக்குச் சாந்து மாற்றம் மட்டும்.

அதற்கும் முறை உண்டு. பழைய சாந்தில் ஒரு கைப்பிடியை எடைபோட்டு ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். மணலைக் கழுவிக் காயவைத்து நிறுத்தால் கலவை விகிதம் கிட்டத்தட்டத் தெரியும். பொதுவாக சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3. ஹாட்வெயார் கடையில் வெள்ளையடிக்க விற்கும் பொடியைக் கலக்காதீர்கள். நன்றாக நீற்றி, குறைந்தது சில வாரம் தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு வேண்டும். தளர்ந்த சாந்தைக் கைச்சுத்தியலாலும் உளியாலும் ஓர் அங்குல ஆழத்துக்கு எடுக்க வேண்டும். இயந்திரத் துளைப்பான் கல்லின் விளிம்பை உடைக்கும். இடுக்கை நனைத்து, சாந்தை இறுக்கி அடைத்து, ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். சுண்ணாம்பு மெல்ல இறுகும் சாமான், அவசரப்படுத்தினால் உதிர்ந்துவிடும். இந்தச் சரிவில் அதற்கான காலம் தை முதல் பங்குனி வரை, அதிலும் பனி கொட்டும் இரவுகளில் சாக்கு இரட்டையாகப் போட வேண்டும். நீங்கள் வேலையைத் தொடங்கத் திகதி குறித்திருப்பது ஐப்பசி மழையில்.

கல்லறைத் தோட்டம் பற்றி. அது சரிவில் இரண்டு படியாக இருக்கிறது. மேல் படியில் இரும்பு வேலிக்குள் துரைமாரின் கற்கள். கீழ்ப்படியில் தலைமாட்டுக்கு ஒரு கல், கால்மாட்டுக்கு ஒரு கல், இடையில் குரோட்டன் செடி. எழுத்து இல்லை. உங்கள் வரைபடத்தில் மேல் படி "நினைவிடம்", கீழ்ப்படி "வெற்றுக் காணி". கீழ்ப்படி வெற்றுக் காணி இல்லை என்பதை யாரும் நேரில் பார்க்கலாம். மழை விட்ட மறுநாள் காலைச் சாய்வெயிலில் மேலே நின்று பாருங்கள். ஆள் நீளப் பள்ளங்கள் வரிசை வரிசையாக நிழல் விழுந்து தெரியும். மண் இறங்கிய குழிகள் அவை. 3, 4, 5 மீற்றர்க் கயிற்று முக்கோணத்தால் நேர்கோணம் பிடித்து, மீற்றருக்கு ஒரு கயிறு கட்டி, ஒவ்வொரு கல்லையும் பள்ளத்தையும் கட்டக் கொப்பியில் குறித்தால் ஒரு வார இறுதியில் வரைபடம் கைக்கு வரும். அடக்கப் பதிவேட்டின் வரிசையோடு அதை ஒத்துப் பார்த்தால் பல குழிகளுக்குப் பெயரும் கிடைக்கும். கல்லை நிமிர்த்தவோ அடுக்கவோ கூடாது. கிடக்கும் இடம்தான் அதன் எழுத்து.

இன்னொரு விடயம், இது உயிர் சம்பந்தப்பட்டது. கீழ்ப்படியின் அணைச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட நீர்க் கண்களை அடைத்து மண் நிரப்பி வாகனம் ஏற்றினால், அந்தச் சுவர் கீழ் லயத்தின் தகரத்தின் மேல்தான் விழும். நுவரெலியா மாவட்டத்தில் சரிவை வெட்டி நிரப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு எடுக்க வேண்டும். உங்கள் கோப்பில் அது இல்லை.

கடைசியாகத் தீர்மானம் எடுத்த விதம். செஷன் குறிப்பேட்டில் இது பற்றி ஒரு வரியும் இல்லை. சபைக் கூட்டம் கூட்டப்படவும் இல்லை. பிஷப் இல்லாத சபை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பிஷப் செய்யத் தயங்குவதை ஒரு குழு மூன்று கையொப்பத்தில் செய்திருக்கிறது.

ஆகவே கேட்கிறோம். கொந்தராத்தை உடனே எழுத்து மூலம் நிறுத்துங்கள். அதில் பீலி, இறங்கு குழாய், கான் திருத்தும் பகுதியை மட்டும் பிரித்து இந்த மாதமே செய்யலாம், அதற்கு ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம். இடுக்குச் சாந்து வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளி, சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸிடம் கொடுங்கள். பதிவேடுகளில் எதுவும் கோயிலை விட்டுப் போகக் கூடாது. நகரத்துக்குக் கொண்டுபோன இரண்டு புத்தகங்களையும் திருப்பித் தந்து, எத்தனை பக்கத்தோடு வந்தன என்று செஷன் முன் எண்ணி ஒப்பமிடுங்கள். படம் எடுத்து முடியும் வரை யாரும் தையலைத் தொட வேண்டாம். கீழ்ப்படியின் வரைபடம் வரும்வரை அங்கே மண்வெட்டி இறங்கக் கூடாது. நூலை விழாவுக்கு அச்சிடாமல் நிறுத்தி வைத்து, அயற்கோயில் பதிவேடுகளையும் பார்க்க ஓர் ஆண்டு தாருங்கள், உபதேசியார்மார் எழுதிய வரிகளை வாசிக்கத் தெரிந்த இருவரை எழுதும் குழுவில் சேருங்கள். இவற்றைப் பேசச் சபைக் கூட்டத்தை ஒரு ஞாயிறு தமிழ் ஆராதனைக்குப் பிறகு வையுங்கள். பிரட்டு நாளில், அதாவது வேலை நாளில், வேண்டாம்.

பதிலை எழுத்தில் தந்து, அதை அறிவித்தல் ஒட்டிய அதே கதவில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஸ்டோர் லயச் சபையார்